மலைக்குளிரில் துவாலை

துவாலையின் மென்மை அதன் வளையங்களில் இருக்கிறது. கடைகளில் ‘டர்க்கி டவல்’ என்று கேட்டு வாங்கும் பூத்துவாலையை உற்றுப் பார்த்தால், துணியின் இருபுறமும் சிறுசிறு நூல் வளையங்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்பது தெரியும். இவற்றை உண்டாக்கும் தறியில் பாவு இரண்டு உருளைகளிலிருந்து வருகிறது. ஒன்று இறுக்கமாக இழுக்கப்பட்டுத் துணியின் அடித்தளமாகும். மற்றொன்று தளர்வாக விடப்பட்டிருக்கும். ஊடை இழைகள் மூன்று ஓடிய பிறகு அவற்றை ஒருசேரத் தள்ளி அடித்தால், தளர்ந்த பாவு மேலும் கீழும் வளையங்களாகப் புடைத்து எழும். துருக்கியின் பர்சா நகரத்து நெசவாளர்கள் கையால் நெய்துவந்த இந்தத் துணியை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர் ஹென்றி கிறிஸ்டி. 1850-ஐ ஒட்டி அதை இயந்திரத்தில் நெய்யும் வழியைக் கண்டவர் சாமுவேல் ஹோல்ட். 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தத் துவாலை காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் இதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெய்யும் பூத்துவாலை புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் வீட்டு உபயோகத் துணிகளுக்குக் கரூர் பெயர்பெற்றது.

வளையங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. துணியின் பரப்பைப் பன்மடங்கு கூட்டித் தண்ணீரை விரைவாக இழுத்துக்கொள்கின்றன. இடையிடையே காற்றைத் தாங்கி, தோலில் படும்போது அழுந்திக்கொடுக்கின்றன. துவாலை ‘விறைத்துவிட்டது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது, இந்த வளையங்கள் படுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான். இழை தேய்ந்துபோவது வேறு. அதற்கு ஆண்டுகள் ஆகும். ஒட்டிக்கொள்வது ஒரே சலவையில் நடந்துவிடும், ஒரே சலவையில் சரியும் செய்துவிடலாம்.

நீலகிரியில் இந்தச் சிக்கல் சமவெளியில் இருப்பதைவிடக் கூடுதல். கடல்மட்டத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. ஆண்டில் பல மாதங்கள் மழையும் மேகமூட்டமும்தான். சமவெளிக்காரர்களுக்குச் சொல்லப்படும் சலவைக் குறிப்புகள் பெரும்பாலும் தண்ணீரின் உப்பைக் குற்றவாளியாக்குகின்றன. மலையில் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. இங்கே துவாலையைக் கெடுப்பது அது உலரும் விதம்.

ஒட்டும் நீர்

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. அந்த மூலக்கூறு நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. இவை நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். அதனால் பருத்தி முழுவதும் வறண்ட நிலையில் இருப்பதே அரிது. 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ‘காய்ந்துவிட்டது’ என்று மடித்து வைக்கும் பருத்தித் துணியில்கூட அதன் வறண்ட எடையில் சுமார் 8 சதவீதம் நீர் இருக்கும். காற்றின் ஈரம் ஏற ஏற இந்த அளவும் ஏறும்.

இந்த மிச்ச நீரின் வேலை என்ன என்பது அண்மைக்காலம் வரை தெளிவாகத் தெரியவில்லை. பருத்தி விறைப்பதற்கு இழைகள் காய்ந்து கெட்டியாவதே காரணம் என்று பலரும் எண்ணிவந்தார்கள். ஜப்பானின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முற்றிலும் ஈரம் நீக்கப்பட்ட பருத்தி விறைக்கவில்லை. சிறிதளவு நீர் எஞ்சியிருக்கும்படி இயல்பாக உலர்ந்த பருத்தியே விறைத்தது. அவர்கள் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, அணுவிசை நுண்ணோக்கியால் இழையின் மேற்பரப்பை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இது: இழைப் பரப்பில் பிணைந்திருக்கும் நீர், சாதாரண நீரைப் போல நடந்துகொள்வதில்லை. இரண்டு இழைகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அது பசையாக நின்று அவற்றைக் கட்டிப்போடுகிறது. இப்படி எண்ணற்ற முடிச்சுகள் விழுந்து, துணி முழுவதும் ஒரு வலையாக இறுகுகிறது.

விறைத்த துவாலையைக் கையால் கசக்கினால் சற்று மென்மையாவது எல்லோரும் கண்ட உண்மை. அதற்கான விளக்கமும் இதுவே. கசக்கும்போது இழையிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. முடிச்சுகள் அறுபடுகின்றன, அவ்வளவுதான். உலரும் நேரத்தில் காற்று துவாலையை ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தால் அந்த முடிச்சுகள் உருவாகும்போதே கலைந்துவிடும். காற்றில்லாத அறையில் அசையாமல் தொங்கும் துவாலையில் ஒன்றுகூடக் கலையாது. வளையங்கள் ஈரத்தின் கனத்தில் எப்படிச் சாய்ந்து கிடந்தனவோ அப்படியே இறுகிவிடும். வெயில் காலத்தில் காற்றடிக்கும் மேட்டில் உலர்ந்த துவாலையும், மழைக்காலத்தில் சமையலறைக் கொடியில் இரண்டு நாள் கிடந்த துவாலையும் ஒரே சோப்பில் துவைத்தவையாக இருந்தாலும் கைக்கு வேறுவேறாகப் படுவது இதனால்தான்.

மலைத் தண்ணீர்

நீலகிரி மலைத்தொகுதி சார்னோகைட் என்னும் பழம்பாறையால் ஆனது. சுண்ணாம்புப் பாறை இதில் இல்லை. சோலைக்காடுகளிலும் புல்வெளிகளிலும் விழும் மழை, பாறையிலிருந்து அதிகம் எதையும் கரைத்துக்கொள்ளாமல் ஓடைகளுக்கு வந்துவிடுகிறது. ஊட்டிக்குத் தண்ணீர் தரும் பார்சன்ஸ்வேலி, மார்லிமந்து, தொட்டபெட்டா நீர்த்தேக்கங்களும், குன்னூருக்குத் தரும் ரேலியா அணையும் இப்படிப்பட்ட ஓடை நீரைத் தேக்குபவையே. ஆகவே மலைத் தண்ணீர் பொதுவாக மென்னீர்.

சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகளில் நிலைமை வேறு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அந்த உச்ச வரம்பை ஒட்டிய நீர் வரும் ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. அத்தகைய நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்பிசினாகித் துவாலையின் வளையங்களில் படியும். மலைவாசிகளுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. இருக்கும் இடங்களும் உண்டு: தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரியில் வரும் தண்ணீர், புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணறு. ஐயம் இருந்தால் மூடியுள்ள சிறு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் பிடித்து, சாதாரணச் சலவைக்கட்டியின் சில துருவல்களைப் போட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். உடனே நுரை எழுந்து கீழே நீர் தெளிவாக நின்றால் அது மென்னீர். நுரையின்றித் திரிதிரியாகத் திரண்டால் கடினநீர். இதற்குச் சலவைத்தூள் உதவாது. அது கடினநீரிலும் நுரைக்கும்.

மென்னீருக்கும் ஒரு குறை உண்டு, அது அளவு பற்றியது. பொட்டலத்தில் அச்சிட்ட தூளின் அளவு, கடினநீர் வரும் வீடுகளையும் மனதில் வைத்துச் சொல்லப்படுவது. அங்கே தூளின் ஒரு பகுதி கால்சியத்தைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும். ஊட்டியிலோ குன்னூரிலோ அந்தச் செலவு இல்லாததால் அதே அளவைப் போட்டால் பெரும்பகுதி மிஞ்சும். மிஞ்சியது வளையங்களின் அடியில் தங்கி, உலரும்போது பிசுபிசுப்பாகவும் பிறகு விறைப்பாகவும் மாறும். மலையில் பாதி அளவு போதும். அழுக்கு மிகுந்தால் தூளைக் கூட்டுவதைவிட ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுவது நல்லது. இப்போது பயன்பாட்டில் இருக்கும் துவாலையில் எவ்வளவு சோப்பு தங்கியிருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு: துவைத்து உலர்ந்த துவாலையை எதுவும் சேர்க்காத வெதுவெதுப்பான நீரில் போட்டு அலச வேண்டும். நுரை வந்தால், முந்தைய சலவைகளின் மிச்சம் அது. நுரை நிற்கும்வரை அலசினால் போதும். பல துவாலைகள் இந்த ஒரு வேலையிலேயே பாதி உயிர்பெற்றுவிடும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஓடைநீர் செம்மண் கலந்து வருவதையும் இங்கே சொல்ல வேண்டும். மலையின் மண் இரும்புச் சத்து மிகுந்த செம்மண். கலங்கிய நீரில் அலசினால் வெள்ளைத் துவாலை பழுப்பேறும். பிடித்து வைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்துத் துவைப்பதே பழைய வழி. 

குளிர்நீரும் வெந்நீரும்

ஜனவரி அதிகாலையில் ஊட்டியின் மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் நீர் கையை மரக்கச் செய்யும். அந்தக் குளிரில் சலவைத்தூள் முழுவதும் கரைவதில்லை. கரையாத துகள்கள் வளையங்களில் சிக்கிக்கொள்ளும். துவாலையில் படியும் அழுக்கில் முக்கியமானது தோலின் எண்ணெய்ப் பசை. அது உடல் வெப்பத்தை ஒட்டியே இளகும். அதற்குக் கீழே கெட்டியாக ஒட்டியிருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இதன் அளவு இன்னும் கூடுதல். தூளில் சேர்க்கப்படும் நொதிகளும் குளிரில் மந்தமாகவே வேலைசெய்யும்.

ஆகவே துவாலைக்கு வெந்நீர் தேவை. கொதிக்கும் நீர் வேண்டியதில்லை. 40 டிகிரி, அதாவது கை தாங்கும் சூடு, வழக்கமான சலவைக்குப் போதும். தூளை முதலில் ஒரு குவளை வெந்நீரில் கரைத்துவிட்டுப் பிறகு வாளியில் சேர்த்தால் துகள் சிக்குவது நிற்கும். மாதம் ஒருமுறை 60 டிகிரியில் துவைப்பது நல்லது; காரணம் பின்னால் வருகிறது. (ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைந்த உயரத்தின் விளைவு அது. பருப்பு வேக அது தடையாக இருக்கலாம், சலவைக்கு ஒரு குறையும் இல்லை.)

இயந்திரத்தில் துவைப்பவர்கள் துவாலைகளைத் தனியாகப் போட வேண்டும். கொக்கி, ஜிப் உள்ள உடைகள் வளையங்களை இழுத்துவிடும். இழுபட்டு நீண்ட வளையத்தைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கலாம். நெய்த துணியாதலால் மற்ற இழைகள் பிரியாது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். அடைத்துத் திணித்த துவாலைகளுக்குள் அலசும் நீர் நுழையவே நுழையாது.

காற்றின் கொள்ளளவு

மலையில் துணி உலராமல் இருப்பதற்குக் குளிரைக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கனமீட்டர் இடத்தில் 32 டிகிரியில் ஏறத்தாழ 34 கிராம் நீராவி தங்கும்; 20 டிகிரியில் 17 கிராம்; 15 டிகிரியில் 13 கிராமுக்குக் கீழ்; 10 டிகிரியில் 9 கிராமை ஒட்டி. இதில் ஏற்கெனவே நிரம்பியது போக எஞ்சிய இடமே துணியின் ஈரத்துக்குக் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளம், சதுர மீட்டருக்கு 500 கிராம் கனம் உள்ள குளியல் துவாலையின் எடை அரைக்கிலோவை ஒட்டி வரும். கையால் பிழிந்தபின் அதில் இன்னும் அரைக்கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். 32 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள சமவெளிக் காற்று, கனமீட்டருக்கு இன்னும் 13 கிராமுக்கு மேல் ஏற்கும். அரைக்கிலோ நீரை ஏற்க அங்கே 37 கனமீட்டர் காற்று போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் உள்ள காற்று அது. மழைக்காலக் குன்னூரில் 15 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் இருந்தால் கனமீட்டருக்கு 1.3 கிராம்தான் இடமிருக்கும். அதே துவாலைக்கு 390 கனமீட்டர் காற்று வேண்டும். அதே அளவு அறைகள் பதினொன்றில் உள்ள காற்று. சன்னலைச் சாத்திய ஓர் அறையில் நான்கு துவாலைகளைத் தொங்கவிட்டால் அவை ஏன் மறுநாளும் ஈரமாகவே இருக்கின்றன என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

அதே ஊட்டியில் ஜனவரி நண்பகல் 20 டிகிரியும் 45 சதவீத ஈரப்பதமுமாக இருக்கும் நாளில், ஒரு துவாலைக்கு 53 கனமீட்டர் போதும். குளிர்ந்த மலை என்றாலும் அன்று சமவெளிக்கு நெருக்கமாகவே துணி உலரும்.

இதிலிருந்து இரண்டு வழிகள் கிடைக்கின்றன. ஒன்று, காற்றை மாற்றிக்கொண்டே இருப்பது. மற்றொன்று, காற்றைச் சூடாக்குவது. 15 டிகிரியில் 90 சதவீத ஈரத்துடன் இருக்கும் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் உள்ள நீராவி கூடாமலேயே ஈரப்பதம் 50 சதவீதமாக இறங்கும். கொள்ளும் இடம் ஒன்பது மடங்காகும். மலையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒவ்வொன்றும் இந்த அறிவின் மேல்தான் நடக்கிறது. பறித்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். ஈரக்குமிழ், உலர்குமிழ் என்ற இரண்டு வெப்பமானிகளின் வித்தியாசத்தைப் பார்த்து, மழை நாளில் வெப்பக் காற்றைக் கலக்கிறார்கள். வித்தியாசம் குறைந்தால் காற்றுக்குப் பசி இல்லை என்று பொருள். இலையில் இவ்வளவு கவனமாகக் கையாளப்படும் அதே விதி, தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும், தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளின் கொடியிலும் செல்லுபடியாகும்.

வீட்டில் இதை நடைமுறைப்படுத்துவது பிழிவதிலிருந்து தொடங்குகிறது. நீரைக் காற்றால் நீக்குவதைவிட விசையால் நீக்குவது மிக மலிவு. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். சுழற்றிப் பிழியும் இயந்திரம் அதில் மிகச் சிறு பங்கைச் செலவிட்டே துவாலையின் ஈரத்தை அதன் எடையில் பாதியை ஒட்டிக் கொண்டுவந்துவிடும். மழைக்காலத்தில் இரண்டாவது முறை சுழற்றுவது வீண்செலவு ஆகாது. கையால் பிழிபவர்கள் முறுக்கும்போது வளையங்கள் நசுங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முறுக்கியதை அப்படியே கொடியில் போடக் கூடாது.

பிழிந்த துவாலையை இரு முனைகளையும் பிடித்துப் பலமாக ஐந்தாறு முறை உதற வேண்டும். வளையங்கள் எழுவது அப்போதுதான். கொடியில் நடுவில் மடித்துப் போட்டால் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று மூடும். ஓர் ஓரத்தை மட்டும் மடக்கி கிளிப் போட்டு, முழு நீளமும் தொங்கவிட்டால் பரப்பு இரட்டிப்பாகும். மூன்று பங்கு காய்ந்து ஒரு பங்கு ஈரம் இருக்கும்போது எடுத்து மறுபடி உதறித் திருப்பிப் போடுவது, இந்த அத்தியாயம் சொல்லும் எல்லாவற்றிலும் பயன் மிக்க ஒரு செயல். நீர் பசையாக இறுகத் தொடங்கும் கட்டம் அது. அதைக் கடந்து விறைத்தபின் உதறுவதைவிட, அந்த வேளையில் உதறுவது முடிச்சுகளை விழவே விடாது.

மலையின் பருவங்களை அறிந்து துவைப்பதும் உதவும். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்தைத் தாக்குகிறது. கூடலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர்பவானி எல்லாம் அப்போது ஓயாத மழையில் இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. குன்னூர், கோத்தகிரி பக்கம் கனமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில். ஊட்டி இரண்டுக்கும் நடுவில் இருந்து இரண்டிலும் பங்கு பெறுகிறது. கனமான துவாலைகள், போர்வைகள் ஆகியவற்றின் பெருஞ்சலவைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏற்ற காலம்.

அந்த மாதங்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தெளிந்த வானத்தின் கீழ் இரவில் துணி தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நவம்பர் தொடங்கி நீர்ப்பனியும், பிறகு உறைபனியும் விழும். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த பகுதிகளில் புல்வெளி வெள்ளையாகிவிடும். பகலில் காய்ந்த துவாலையைக் கொடியிலேயே விட்டால் காலையில் நனைந்தோ உறைந்தோ இருக்கும். மாலை மூன்று, நான்கு மணிக்கே எடுத்துவிட வேண்டும். உறைந்துபோன துவாலையை மடக்கக் கூடாது. பனிக்கட்டி கோத்த இழை ஒடியும். வெயில் ஏறும்வரை தொங்கவிட்டால், பனியின் ஒரு பகுதி நீராகாமல் நேரே ஆவியாகிப் போகும், மீதி இளகும்.

உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரும் ஏறுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம். ஊட்டியின் தெளிந்த நண்பகல் வெயில் குளிராகத் தோன்றினாலும் சாயத்தையும் செல்லுலோஸையும் சிதைப்பதில் சமவெளி வெயிலுக்குக் குறைந்ததில்லை. உலர்ந்ததும் எடுப்பதே முறை. நாள் முழுவதும் காயவிடுவது இழையை நொய்ய வைக்கும்.

மழைக்காலத்தில் லைன் வீடுகளில் துணியை விறகடுப்பின் மேல் கட்டிய கொடியில் போடுவது உண்டு. வெப்பம் கிடைக்கும், ஆனால் புகையின் கரியும் தாரும் ஈர வளையங்களில் ஒட்டும். தாழ்வாரத்தில் காற்று ஊடுருவும் இடமும், முடிந்தால் அதை நோக்கிய ஒரு மின்விசிறியும் அடுப்பைவிட நல்ல துணை. அறையைச் சூடாக்கி உலர்த்துபவர்கள் ஈரக் காற்று வெளியேறச் சன்னலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். இல்லையேல் துவாலையின் நீர் சுவருக்குப் போய்ப் பூசணமாகும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உலர்த்துவதை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவரை எழுப்பாமலே கொல்லும்.

சீசன் காலத்தில் தினமும் நூற்றுக்கணக்கில் துவாலை மாற்றும் தங்கும் விடுதிகள் சுழலும் உலர்த்தி வைத்திருக்கின்றன. வெப்பம், ஓயாத அசைவு இரண்டும் சேர்வதால் அதில் உலரும் துவாலை மலர்ந்து வரும். அளவுக்கு மீறி ஓடவிட்டால் இழைகள் உதிரும். வடிகட்டியில் சேரும் பஞ்சு துவாலையிலிருந்து போனதே. வீட்டில் சிறிய உலர்த்தி உள்ளவர்கள் கொடியில் முக்கால்வாசி உலர்த்தி, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் அதில் சுழலவிட்டால் மின்சாரமும் மிஞ்சும், இழையும் நிலைக்கும்.

வாடை

மெதுவாக உலரும் துவாலையில் வரும் முடை நாற்றம் வெறும் ஈர வாடை அன்று. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான நுண்ணுயிரை அடையாளம் கண்டார்கள்: மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். துணியில் எஞ்சிய தோல் எண்ணெயையும் அழுக்கையும் சிதைத்து, 4-மெத்தில்-3-ஹெக்சினோயிக் அமிலத்தை உண்டாக்குவது அது. நன்றாக உலர்ந்த துவாலை மறுபடி நனைந்ததும் நாறுவதற்கும் அதுவே காரணம். உலர்தலையும் புற ஊதாக் கதிரையும் தாங்கி உயிர்வாழக் கூடியது. ஆகவே வெயிலை மட்டும் நம்ப முடியாது. மாதம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொன்னது இதற்காக. குளித்தபின் துவாலையைக் கதவில் சுருட்டிப் போடாமல் விரித்துத் தொங்கவிட்டால் நுண்ணுயிருக்குக் கிடைக்கும் ஈரமான மணிநேரங்கள் குறையும்.

வெயிலில் உலர்ந்த துவாலையின் நறுமணத்துக்கும் வேதியியல் உண்டு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஒரே மாதிரித் துவாலைகளை வெயிலிலும் நிழலிலும் அறைக்குள்ளும் உலர்த்தி ஒப்பிட்டார்கள். முடிவு 2020-இல் வெளிவந்தது. வெயிலில் உலர்ந்தவற்றில் மட்டும் பென்டனல், ஆக்டனல், நோனனல் போன்ற ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் உண்டாகியிருந்தன. வாசனைத் திரவியங்களிலும் பூக்களிலும் காணப்படும் வகைகள் அவை. ஈரப் பரப்பின் மேல் சூரிய ஒளி விழுவதால் நடக்கும் வினையாகக் கருதப்படுவதால், கொடியில் போடும்போதே வெயில் இருக்க வேண்டும்.

மென்மையூட்டியும் வினிகரும்

அலசும் நீரில் ஊற்றும் மென்மையூட்டித் திரவத்தைப் பலரும் ‘கம்ஃபர்ட்’ என்ற ஒரே பெயரால் குறிக்கிறார்கள். இவ்வகைத் திரவங்களில் நேர்மின் தன்மையுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் இருக்கின்றன. நீரில் பருத்தி எதிர்மின் தன்மை கொள்வதால், அவை இழையில் போய் ஒட்டி, கொழுப்பு வால் வெளியே நீட்டியபடி படலமாகும். ஒட்டும் நீர் இழைகளுக்கு இடையே பாலம் போடுவதை இந்தப் படலம் தடுக்கிறது. அந்த வகையில் அது உண்மையாகவே வேலைசெய்கிறது. ஆனால் சலவைதோறும் படலம் தடித்து, துவாலை தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளத் தொடங்கும். துடைக்காத துவாலை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பயனில்லை. உதறலும் காற்றும் தரக்கூடிய ஒன்றை மெழுகு பூசிப் பெறுவது சரியான வழி ஆகாது. வேண்டுமென்றால் நான்கைந்து சலவைக்கு ஒருமுறை, சொன்ன அளவில் பாதி ஊற்றலாம்.

வினிகரைப் பற்றிய பரிந்துரைகளில் எதற்குப் பின் எது என்ற வரிசை விட்டுப்போகிறது. காரத்தன்மையுள்ள சலவைத்தூளின் மிச்சத்தை வினிகரின் அமிலம் சமன்செய்யும் என்பது சரி. ஆனால் சோப்புக்கட்டி போட்டுத் துவைத்து, அது முழுதும் போகுமுன் வினிகர் ஊற்றினால், சோப்பு கொழுப்பமிலமாகப் பிரிந்து பிசுக்காகத் துணியிலேயே படியும். நன்றாக அலசியபின், கடைசி வாளியில் கால் குவளை வெள்ளை வினிகர் போதும். சமவெளியிலிருந்து கொண்டுவந்த, கடினநீரில் விறைத்த துவாலைக்கு முறை வேறு: முதலில் வினிகர் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அலச வேண்டும், பிறகு, பிரிந்த கொழுப்பு நீங்கும்படி, சலவைத்தூளும் ஒரு கரண்டி சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் துவைக்க வேண்டும். மென்மையூட்டியின் பழைய படலத்தையும் இந்த இரண்டாவது சலவை பெரும்பாலும் எடுத்துவிடும். பிளீச்சிங் பவுடர் பட்ட துணியில் வினிகர் ஊற்றவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

எந்தத் துவாலை

புதுத் துவாலையில் நெசவுக் கஞ்சியின் மிச்சமும், கடையில் கைக்கு வழவழப்பாகத் தோன்றுவதற்காகப் பூசிய பூச்சும் இருக்கும். இரண்டு, மூன்று சலவைக்குப் பிறகே அது முழுதாக உறிஞ்சும். முதல் சலவைகளில் பஞ்சு உதிர்வது இயல்பு. எந்தத் துவாலையையும் இஸ்திரி போடக் கூடாது; வளையங்களை நசுக்குவதைத் தவிர அதனால் எதுவும் நடக்காது.

கனமே தரம் என்று எண்ணி வாங்குவது மலையில் தவறாக முடியும். சதுர மீட்டருக்கு 600, 700 கிராம் உள்ள துவாலை உலர்த்தி வைத்திருக்கும் விடுதிக்குப் பொருந்தும். கொடியை நம்பியிருக்கும் வீட்டுக்கு 350 முதல் 450 கிராம் வரை உள்ளதே ஏற்றது. ஈரம் குறைவாகத் தங்கும், வளையங்கள் உதறலுக்கு எளிதில் எழும், முடை நாற்றம் பிடிக்குமுன் உலர்ந்துவிடும். மழை மாதங்களில் அதையும் எடுத்துவைத்துவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறுவது இன்னும் நல்லது. அதில் வளையமே இல்லை, அதனால் படுத்துப்போக எதுவும் இல்லை. துவைக்கத் துவைக்க மென்மை கூடும். நீலகிரியின் ஜூலையிலும் நவம்பரிலும் தினமும் துவைத்துத் தினமும் உலர்த்தக் கூடிய துணி அதுவே.